ராஜாவுக்கு ராச்சாப்பாடு

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்களுக்கும் மூட்டுவலி எண்ணெய் விளம்பரத்துக்கும் நடுவே நான் மாதாமாதம் ஒரு குதிரைப் படம் போடுகிறேன். கீழே ஒரு காப்பகத்தின் இணைப்பையும் சேர்த்து அனுப்புகிறேன். கைவிடப்பட்ட குதிரைகளையும் நாய் பூனைகளையும் வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம் அது. உங்களால் ஆனதைக் கொடுங்கள் என்று கேட்கிறேன். நீங்களும் ஒரு கும்பிடு பொம்மையை அனுப்பிவிட்டு நைசாக நகர்ந்துவிடுகிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருத்தி வாய்விட்டே கேட்டுவிட்டாள், "இந்த வயசுல உனக்கு எதுக்குடி குதிர?" என்று.

கேள்வி நியாயமானதுதான். மாடிப்படி ஏறவே மாத்திரை போட்டுக்கொள்கிறவளுக்குக் குதிரை எதற்கு? ஆனால் பதில் கொஞ்சம் நீளம். கட்டைவிரலால் தட்டி முடிகிற சங்கதி இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதற்கெல்லாம் காரணமான ஒரு குதிரையைச் சின்ன வயதில் நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் அது எங்கள் நெல் மண்டி முற்றத்தில் இருந்தபோது உள்ளே என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

நாம் ஆறாவது படித்த வருஷம், வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில், நம் ஊர்க் கோட்டையில் சினிமா ஷூட்டிங் நடந்தது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு ஒரே சமயத்தில் வயிற்றுவலி வந்ததே, அந்த ஷூட்டிங்தான். அட்டை வாளும் சரிகைத் துணியுமாகச் சிப்பாய்கள் பாறை நிழலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சிவப்பு ரிப்பன் கட்டிய தன் வைக்கோல் தொப்பியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைத் தூங்கும்போதும் கழற்றவில்லை. அந்தத் தொப்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் மூட்டை கட்டிக் கிளம்பியபோது ஒரு வெள்ளைக் குதிரை மட்டும் கோட்டைக்குள் இருக்கிற கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் முன்னங்கால் வீங்கி நின்றது. "நாளைக்கு லாரி அனுப்பி ஏத்திக்கிறோம்" என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். அந்த லாரி இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கோட்டையை ஆண்ட ராஜாவையும் அவருடைய குதிரையையும் பற்றிக் கேட்டுக் கேட்டே வளர்ந்ததால், குதிரை சமாசாரம் எல்லாம் ரத்தத்திலேயே ஓடுகிறது என்று நம்புவார்கள். உண்மையில் குதிரைக்கு எந்தப் பக்கம் வாயென்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமை. முதல் நாளே குதிரையைச் சுற்றி ஆளுக்கொரு யோசனை. அதில் எல்லோரையும் விடச் சத்தமாக யோசனை சொன்னவர் நம் டிரில் மாஸ்டர். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "இது ராஜ ஜாதி. நடையப் பாரு, நிக்கிற நிலையப் பாரு" என்றார். அது வலி தாங்காமல் மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் அப்பா, எங்கள் நைனா, வந்தார். உங்களுக்குத் தெரியும், நாங்கள் சமணக் குடும்பம், ஊரார் அவரை நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். எறும்புப் புற்று இருக்கிறது என்று மண்டி வாசலையே இடம் மாற்றி வைத்தவர் நைனா. குதிரையின் வீங்கிய காலைப் பார்த்தார், அதன் கண்ணைப் பார்த்தார். "நம்ம முத்தத்துல இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அவர் ஒரு பிடி பிடித்தால் விடமாட்டார் என்பது ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஒரு வாரத்துக்குள் ஜீவகாருண்ய சங்கம் ஒன்று உருவாகிவிட்டது. நைனா தலைவர், டிரில் மாஸ்டர் செயலாளர், பக்கத்து வீட்டு அத்தை மகளிர் அணி. அணியில் அவர் மட்டும்தான். குதிரைக்கு 'ராஜா' என்று பெயர் வைத்தவர் டிரில் மாஸ்டர். பெயர் வைத்துப் பல நாள் கழித்து, மாட்டு டாக்டர் கால் கட்டை அவிழ்க்க வந்தபோது, "இது பொட்டக் குதிரைங்க" என்றார். டிரில் மாஸ்டர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"எனக்கு மொத நாளே தெரியும்" என்றார் அத்தை.

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றார் மாஸ்டர்.

"நீங்கதான் அதும் வீரத்தப் பத்திப் பேசிக்கினு இருந்தீங்களே. நடுவுல எப்படிச் சொல்றது?"

பெயரை மாற்றவில்லை. சங்கத்து பேனரில் எழுதியாகிவிட்டது.

நைனா குதிரையைத் தன் வீட்டு மனிதர்களில் ஒருவராகத்தான் நடத்தினார். சிக்கலே அங்கேதான் தொடங்கியது. எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் பல்லில் ஒரு பருக்கை படாது. இருட்டில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி சோற்றோடு வாய்க்குள் போய்விட்டால் அது கொலை அல்லவா? சூரியன் இருக்கும்போதே சாப்பிட்டு, கை கழுவி, அடுப்பை அணைத்துவிட வேண்டும். மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்கும் வெங்காயமும் வீட்டுக்குள் வராது.

எங்கள் தெருவில் சூரியன் ஊர்ச் சூரியனை விடச் சீக்கிரம் மறையும். மேற்கே ராஜகிரி மலை நிற்கிறதே, அதற்குப் பின்னால் இறங்கிவிட்டால் நைனாவுக்கு அஸ்தமனம்தான். "மலைக்கு அந்தாண்ட இன்னும் வெயில் காயுது, அதெப்படிப் பொழுது போனதாவும்?" என்று அம்மா கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நைனா அசையவில்லை. ஸ்கூல் விட்டு ஓடிவந்து, மூச்சு வாங்கும்போதே நான் ராத்திரிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

ராஜாவும் என்னோடு சாப்பிட்டது. சாயங்காலம் அதற்கு நடந்த உபசாரத்தை மாப்பிள்ளைக்குக்கூட யாரும் செய்யமாட்டார்கள். ஊறவைத்த கொள்ளு, தவிடு, வேர்க்கடலைக் கொடி, அதாவது நம்ம மல்லாட்டைக் கொடி, ஒரு கட்டுப் பச்சைப்புல். மல்லாட்டை மண்ணுக்குள் விளைந்தாலும் கொடி மேலே இருப்பதால் நைனா அனுமதித்தார். கேரட் கூடாது. டாக்டர் நல்லது என்று சொல்லியும் கூடாது. அத்தை அதைத் தன் முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து வேலி மேலாகக் கொடுப்பார். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் நைனா மிச்சப் புல்லை ஒரு துரும்பு விடாமல் கூட்டி அள்ளுவார், தொட்டியைக் கழுவிக் கவிழ்ப்பார். "போதும் ராஜா, படு" என்பார். ராஜா படுக்காது. கவிழ்த்த தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

கால் வீக்கம் வடிந்தது. ஆனால் குதிரை இளைக்க ஆரம்பித்தது. முதலில் கழுத்து மெலிந்தது, பிறகு விலாவில் கோடு விழுந்தது. சங்கம் கூடிப் பேசிற்று. கொள்ளின் அளவைக் கூட்டினார்கள். மேலும் இளைத்தது. மாட்டு டாக்டர் நாக்கை இழுத்துப் பார்த்தார், வயிற்றில் காது வைத்துக் கேட்டார், பூச்சி மருந்தும் கொடுத்தார். "ஒண்ணும் கொறையில்லியே. இன்னா குடுக்கறீங்க?" என்று கேட்டார். நைனா வரிசையாக ஒப்பித்தார். டாக்டர் வாயைப் பிளந்துவிட்டார். "என் வீட்ல எனக்கே இவ்ளோ கெடைக்காதே" என்றார். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டவர், எப்போது கொடுக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நைனாவும் சொல்லவில்லை. மூச்சு விடுவதை யாராவது டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா? அவருக்கு அது அப்படித்தான்.

இதே சமயத்தில் எங்கள் முற்றத்தில் சாமான்கள் காணாமல் போயின. முதலில் அம்மாவின் பனையோலை விசிறி. அப்புறம் நைனா மத்தியானம் சாய்கிற கோரைப்பாய். பாதிப் பாயை மட்டும் விட்டுவிட்டுப் போகிற திருடனை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. நான் கைத்தொழில் வகுப்புக்குப் பின்னிய ஓலைக்கூடை போனது. இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த அத்தை வீட்டுக் கீற்று வேலி மெல்ல மெல்லக் குட்டையானது. அதில் அத்தைக்கு வருத்தம் ஒன்றுமில்லை, கேரட் கொடுக்க வசதியாக இருந்தது. கடைசியில் ஒரு காலையில், முற்றத்துக் கட்டிலில் தூங்கி எழுந்தால், தலையிலிருந்த என் தொப்பியைக் காணவில்லை. நான் அழுத அழுகைக்குக் கோட்டைக் குரங்குகள் எல்லாம் மண்டி ஓட்டில் வந்து உட்கார்ந்தன.

அதைப் பார்த்ததும் டிரில் மாஸ்டருக்கு விடை கிடைத்துவிட்டது. "குரங்குதான்" என்றார்.

மறுநாள் சாணம் அள்ளும்போது அதில் சிவப்பு ரிப்பன் கிடந்தது. நான் அதைக் குச்சியில் தூக்கிக்கொண்டு போய்ச் சங்கத்தின் முன்னால் நீட்டினேன். "ராஜாதான் தின்னுட்டுது" என்றேன்.

எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். மாஸ்டர் கருணையோடு சிரித்தார். "பாப்பா, குதிர ராஜ ஜாதி. உசுரு போனாலும் தொப்பி தின்னாது. குரங்கு தொப்பியத் தின்னுட்டு, பழிய இது மேல போடறதுக்கோசரம் ரிப்பன இதுல சொருவிட்டுப் போயிருக்குது."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். என்ன சொல்வது? குரங்குக்கு அவ்வளவு மூளை இருக்கும் என்று நம்பினார்களே தவிர, குதிரைக்குப் பசி இருக்கும் என்று தோன்றவில்லை. அன்று முதல் மாஸ்டர் ஓலைக் குடையை விரித்துக்கொண்டு குரங்குக்குக் காவல் உட்கார்ந்தார். டீ குடிக்கப் போய்த் திரும்பியபோது குடையின் கம்பு மட்டும் இருந்தது.

அப்போதுதான் அவலூர்பேட்டைச் சந்தையிலிருந்து தரகர் வந்தார். நோஞ்சான் மாடுகளை வாங்கி லாரியில் ஏற்றுகிறவர். எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். ராஜாவைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார். "இது ஒரு மாசம் தாங்காது நயினாரே. உங்க வாசல்ல உசுரு போனா உங்களுக்குத்தான் பாவம். நான் புட்ச்சிக்கினு போறன்" என்றார்.

நைனா முகம் சுண்டிப்போனதை அன்றுதான் பார்த்தேன். கொடுத்தாலும் கொலை, வைத்துக்கொண்டாலும் கொலை. சங்கத்தில் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். முடிவில் மாஸ்டர்தான் தொண்டையைச் செருமினார். "நம்ம சங்கத்துத் தெறப்பு விழா வரைக்கும் இருக்கட்டும். பெரிய அதிகாரி வர்றாரு. குதிர இல்லாம எப்படித் தெறக்கறது? விழா முடிஞ்ச மறுநாள் காலைல..." என்று இழுத்தார். நைனா பதில் சொல்லவில்லை. சொல்லாததையே சம்மதமாக எடுத்துக்கொண்டு தரகர் வெற்றிலை போட்டார். நான் அன்று சாப்பிடவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் போயும்விட்டது.

விழா எங்கள் முற்றத்தில்தான். வாசலில் குலையோடு இரண்டு வாழைமரம், குறுக்கே மாவிலைத் தோரணம், பந்தல் முழுக்கத் தென்னங்குருத்து, மேடையில் புதுக் கோரைப்பாய். வாசலையொட்டியிருந்த மேடையோரம் உயிர்களைக் காப்போம் என்று பேனர். அதன் கீழே, விடிந்தால் லாரி ஏறப்போகிற ராஜாவை நெற்றியில் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தார்கள். தரகர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் ராஜாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரி, அதிகாரிகளின் வழக்கப்படி விளக்கு போட்ட பிறகு வந்தார். நைனா அதற்கு முன்பே ராஜாவுக்குச் சாப்பாடு போட்டுத் தொட்டியையும் கவிழ்த்திருந்தார்.

டிரில் மாஸ்டர் வரவேற்புரையைத் தொடங்கினார். கோட்டையின் பெருமையிலிருந்து புறப்பட்டு, குதிரைப் படைக்கு வந்து சேர்வதற்குள் இடது பக்கத்து வாழைமரத்தில் இலை இல்லை. யாரும் கவனிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் சுண்டல் பாத்திரத்தின் மேல் இருந்தது. "வாளுக்கும் அஞ்சாத, வேலுக்கும் அஞ்சாத..." என்று மாஸ்டர் கையை ஓங்கினார். மாவிலைத் தோரணம் ஒரு பக்கமாக நகர்ந்து நகர்ந்து ராஜாவின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. பிறகு அதிகாரிக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். கைதட்டல் முடிவதற்குள் மாலையின் ஒரு பக்கம் காலி. அதிகாரி அசையாமல் நின்றார். அந்த இளைத்த வெள்ளை முகம் அவர் காதோரமாக வந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பூவாக ருசித்து மென்றது. நார் மட்டும் மிஞ்சியது.

நல்ல மனிதர் அவர். சிரித்துவிட்டார். "ஏங்க, இது சாப்ட்டு எத்தன நாளாச்சு?"

நைனாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து நின்றார். "ஐயா, அப்படிச் சொல்லாதீங்க. இன்னிக்கும் வயிறாரப் போட்டுட்டுத்தான் நிக்கறன். பொழுது சாயறதுக்கு முன்னாடியே..."

முன்வரிசையிலிருந்த மாட்டு டாக்டர் திரும்பினார். "செரி, அப்பால?"

"அப்பால இன்னா? காலைலதான்."

"நடுவுல ஒண்ணுமே இல்லியா?"

நைனா அவரை வேடிக்கையாகப் பார்த்தார். "இன்னா டாக்டரே, பொழுது சாஞ்சப்புறம் யாராச்சும் சாப்புடுவாங்களா?"

அங்கே இருந்த பாதி ஊரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியவர்கள்தான். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார், தன் தலையில்தான்.

"நயினாரே, குதிரைக்கு வயிறு சின்னது. ஒரே வாட்டி கொட்டி மூட முடியாது. ராவெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா மென்னுக்கினே இருக்கணும். இதுக்கு சீக்கு இல்ல. பசி."

நைனா அப்படியே உட்கார்ந்துவிட்டார். தென்னங்குருத்தை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்த ராஜாவைப் பார்த்தார். அவர் கண்ணில் நீர் நின்றது. "நோம்பு எனக்கு. அதுகிட்ட ஒரு வார்த்த கேக்காம அதும் தலைல கட்டிட்டனே" என்றார். அவ்வளவு பேர் முன்னால் எங்கள் நைனா தான் செய்ததைத் தப்பு என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கு அவர் மேல் பாசம் பொங்கியது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். மாஸ்டர் மட்டும் மைக்கில் மெல்ல, "அப்ப அந்தக் குரங்கு..." என்றார்.

கதை இத்தோடு முடிந்திருக்கும், வேறு யாராவது நைனாவாக இருந்திருந்தால். எங்கள் நைனா மறுநாள் காலையில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரியில் புல் போட வேண்டும். ஆனால் புல்லில் பூச்சி இருக்குமே? ராஜா இருட்டில் அதையும் மென்றுவிடுமே? குதிரையைக் காப்பாற்ற எறும்பைக் கொல்வதா?

மத்தியானம் முற்றத்தில் தன் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தார். புல்லுக் கட்டை அவிழ்த்து, ஒரு பிடி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக உதறினார். இரண்டு எறும்பு, ஒரு பச்சை வெட்டுக்கிளி விழுந்தன. ஓலைத்துண்டில் ஏந்திப்போய் வேலியோரம் விட்டார். திரும்பி வந்து அடுத்த பிடியை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா எதிரே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். குட்டையான வேலியைத் தாண்டி அத்தை வந்தார். விசிலோடு மாஸ்டர் வந்தார். வரிசையாக உட்கார வேண்டும் என்றார், யாரும் கேட்கவில்லை.

காலையில் வர வேண்டிய தரகரும் அப்போதுதான் லாரியோடு வந்து நின்றார். "இன்னா பண்றீங்க எல்லாரும்?"

நைனா அவர் கையில் ஒரு பிடி புல்லைக் கொடுத்தார். "குந்து. எறும்பு இருக்குதா பாரு."

தரகர் சுற்றிப் பார்த்தார். எங்கள் ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. என்ன நினைத்தாரோ, துண்டை உதறி உட்கார்ந்தார். "இங்க ஒரு கம்பளிப்பூச்சி" என்றார் சற்றுக் கழித்து. "அத இன்னா பண்றது?"

"நைனா, அவரு பூச்சிய எறும்போட சேத்துட்டாரு" என்று நான் புகார் சொன்னேன்.

லாரி காலியாகத்தான் திரும்பியது. நம் ஊர் ஜீவகாருண்ய சங்கம் அதன்பின் செய்த ஒரே வேலை புல்லுக்குப் பேன் பார்த்ததுதான். ஆனால் அடுத்த மழைக்குள் ராஜாவின் விலாக்கோடுகள் மறைந்துவிட்டன. நீங்கள் சவாரி செய்த, முதுகில் உட்கார்ந்தால் வழுக்குகிற கொழுத்த வெள்ளைக் குதிரை அதுதான். என் கல்யாணத்தின்போது பந்தலைத் தின்ற கிழட்டு ராஜாவும் அதுதான்.

நைனா கடைசி வரை பொழுது சாய்ந்தபின் சாப்பிடவில்லை. விளக்கு வைத்ததும் முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் சாய்வார். இருட்டில் ராஜா புல் மெல்லும் சத்தம் கேட்கும், கறுக் கறுக் என்று, நிதானமாக. நைனா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். தானே விருந்து சாப்பிட்டு எழுந்ததுபோல் வயிற்றைத் தடவிக்கொண்டு, "சாப்புடுது" என்பார்.

போன மாதம் அந்தக் காப்பகத்துக்குப் போயிருந்தேன். பொழுது சாய்கிற நேரம். கண் தெரியாத ஒரு குதிரை, வண்டியில் கட்டி ஓட்டி ஓட்டி முதுகு தேய்ந்த ஒன்று, எல்லாம் வரிசையாக நின்று மென்றுகொண்டிருந்தன. அதே சத்தம். என்னையறியாமல் ஒரு பிடி புல்லை எடுத்து வெளிச்சத்தில் உதறினேன். அங்கே வேலை செய்கிற பெண் ஓடிவந்தாள். "என்ன ஆன்ட்டி தேடுறீங்க? எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்றாள். அவளுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? "ஒண்ணும் இல்லம்மா. எறும்பு" என்றேன்.

என் வயதுக்காரர்களே, எனக்கு எதற்குக் குதிரை என்று கேட்டீர்கள். சொல்லிவிட்டேன். குழுவில் அந்த இணைப்பை மறுபடியும் போட்டிருக்கிறேன், கும்பிடு பொம்மை வேண்டாம். இதைப் படித்து முடிக்கும்போது இருட்டிவிட்டதே, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அவை ராத்திரியிலும் சாப்பிடும்.